அதிராத வண்டி

ஓட்டிப் பார்க்கக் கொடுக்கும் வண்டி இன்னும் திரும்பி வரவில்லை. முன்னால் வந்த கோழிப்பண்ணைக்காரர் ஒருவர் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார், பத்து நிமிஷம் உட்காருங்கய்யா என்று சொல்லி, சஞ்சீவ் என்கிற அந்த விற்பனைக்காரத் தம்பி காகிதக் கோப்பையில் டீயைக் கொண்டுவந்து கையில் கொடுத்து அரைமணி ஆகிவிட்டது. அங்கமுத்து டீயைக் குடித்து முடித்து, கோப்பையை நசுக்கி, நசுக்கியதை மறுபடி நிமிர்த்தி, உள்ளே எதையோ தேடுகிறவர்போலப் பார்த்துக்கொண்டிருந்தார். வராமலே போனால் தேவலை. கோழிப்பண்ணைக்காரருக்கு வண்டி பிடித்துப்போய் அப்படியே திருச்சி ரோட்டில் போய்விட்டால் தேவலை. போகமாட்டார், வந்துவிடுவார், நாமக்கல்லில் வண்டி எடுத்துக்கொண்டு ஓடிப்போனவர் யாரும் இல்லை. கண்ணாடிச் சுவருக்கு வெளியே சித்திரை வெயில் சிமெண்டு முற்றத்தில் வெள்ளையாகக் கிடந்தது. சுற்றுச்சுவர் ஓரம், வேப்பமரத்துக்குக் கீழே, அவருடைய பழைய பிக்கப் வண்டி நின்றது. பதினோரு வருஷம். மூன்று லட்சத்துப் பத்தாயிரம் கிலோமீட்டர், அதில் பாதிக்கு மேல் கொல்லிமலை ஏறி இறங்கியது. உள்ளே ஏசி குளிர்ந்தது, கையில் குளிர்ந்தது, கழுத்தில் குளிர்ந்தது, முழங்கால் வரைக்கும் குளிர்ந்தது. அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. பஞ்சு மூட்டையில் காலை நட்டுவைத்த மாதிரி. இப்போது கால் தரையில் இருக்கிறதா, சோபாவின் கட்டையில் இடித்துக்கொண்டிருக்கிறதா என்று தெரிய வேண்டுமானால் குனிந்து பார்க்க வேண்டும். குனிந்தால் மகள் பார்ப்பாள். வேட்டியைச் சரி செய்கிறவர்போலக் குனிந்து பார்த்தார். இரண்டு செருப்பும் இருந்தன. போன வாரம் மளிகைக்கடையிலிருந்து வீடு வரைக்கும் ஒற்றைச் செருப்போடு நடந்து வந்து, வாசலில் மகள் கேட்டபோதுதான் பார்த்தார்.

அந்தப் பக்க மேசையில் தவமணி நோட்டை விரித்துவைத்துக்கொண்டு கேட்டபடி இருந்தாள். இடது பக்கத்தில் காலையில் போய்ப் பார்த்த நம் நாட்டு வண்டி, வலது பக்கத்தில் இந்த ஜப்பான் வண்டி. நடுவில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருந்தாள். சேந்தமங்கலத்தில் பலாச்சுளை வறுவலும் நேந்திரங்காய் வறுவலும் போட்டு விற்கிற கடை அவளுக்கு. மருமகன் திருப்பூர் பனியன் கம்பெனியில். மலையிலிருந்து பலாவும் வாழையும் இறங்கினால்தான் அவளுடைய அடுப்பில் எண்ணெய் காயும். எதைச் செய்தாலும் இப்படித்தான், கோடு போட்டுத்தான் செய்வாள், அவள் அம்மா பாப்பாத்தி மாதிரி இல்லை, பாப்பாத்தி வாயில் போட்டுப் பார்த்து உப்பு சொல்லுகிறவள். "இதுல ஏறுனா அஞ்சாறு வருஷத்துக்கு இஞ்சின் பக்கமே போக வேண்டாங்கறீங்க. செரி. பிரேக் ஷூ ஒண்ணு தேஞ்சு போச்சுன்னா எங்கீங்க கெடைக்கும்?" என்று கேட்டாள். "நம்மகிட்டயே கெடைக்குங்க மேடம். ஸ்டாக் இல்லீன்னா சென்னைல இருந்து நாலு நாள்ல வந்துரும்" என்றான் சஞ்சீவ். "நாலு நாள் பலாப்பழம் காத்திருக்குமுங்களா?" "பலாப்பழம் காத்திருக்காதுங்க. ஆனா பிரேக் ஷூ சீக்கிரம் தேயாதுங்க." அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, எழுதிக்கொண்டாள். அவள் சொல்வது சரிதான். நம் நாட்டு வண்டி என்றால் மலைமேல் சோளக்காடு ஊரில் டீக்கடைக்குப் பக்கத்தில் இருக்கிற பெட்டிக்கடையிலேகூட ஃபேன் பெல்ட் தொங்கும். கிளட்ச் பிளேட்டை மரத்தடியில் படுத்துக்கொண்டே மாற்றிவிடலாம். வில்பட்டை உடைந்தால் பற்றவைத்துக்கொண்டு போகலாம். ஆனால் ஐந்தாவது மழையில் கதவுக்கு அடியில் துரு பிடிக்கும், ஏழாவது வருஷம் தகரம் பப்படம், குலுக்கலில் சாமான் எல்லாம் இளகும், மாதத்தில் ஒரு நாள் பட்டறைக்கு எழுதிவைத்துவிட வேண்டும். வெளிநாட்டு வண்டி அப்படி இல்லை, தகரம் கனம், இஞ்சின் கல், ஏற்றத்தில் மூச்சு வாங்காது. ஆனால் அதற்கு ஒரு தலைவலி வந்தால் மஞ்சளாக ஒரு விளக்கு எரியும், எதற்கு எரிகிறது என்று கம்ப்யூட்டர்தான் சொல்ல வேண்டும், பட்டறைக்காரன் கையைக் கட்டிக்கொண்டு நிற்பான். கடைசியில் விற்கப் போனால் நம் வண்டிக்குச் சந்தையில் பத்துப் பேர் வருவார்கள், அதற்கு இரண்டு பேர், ஆனால் அந்த இரண்டு பேரும் நல்ல விலை கேட்பார்கள். இதெல்லாம் அங்கமுத்துவுக்கு மனப்பாடம். நாற்பது நாளாக வீட்டில் இதுதான் பேச்சு. இரவில் சோறு போடும்போது, காலையில் பல் விளக்கும்போது, அவள் கேட்பாள், அவர் சொல்வார். சொல்லச் சொல்ல அவருக்கே ஒரு நிம்மதி வரும், இரண்டு வண்டியைப் பற்றித்தானே பேசுகிறோம், வேறெதைப் பற்றியும் இல்லையே. பேச்சு முடியும்போது அவள் ஒன்று கேட்பாள், அதில்தான் போய் மாட்டிக்கொள்வார். "எல்லாம் இருக்கட்டும்ப்பா, மலையில எத நம்பி எறங்கலாம், அதச் சொல்லு." எதை நம்பி. எதை நம்பி இறங்கலாம். முள்ளில் வேட்டி மாட்டின மாதிரி அந்தச் சொல்லில் நின்றுவிடுவார். "பாக்கலாம் கண்ணு" என்பார்.

எல்லாம் அந்த மாசிமாதச் சனிக்கிழமையிலிருந்து. சந்தைநாள். பின்னால் பலாக்காயும் அன்னாசியும், அதற்கு மேல் சாக்கை விரித்து நான்கு பெண்கள், முன்சீட்டில் சடைச்சி, மடியில் மிளகுப் பை. பதினெட்டு வருஷமாக, இந்த வண்டியிலும் அதற்கு முன்னால் அவர் வாடகைக்கு ஓட்டிய வண்டியிலும், சந்தைக்கு இறங்குகிறவள். எழுபது வளைவிலும் பேசிக்கொண்டே வருவாள், எந்த வளைவில் எந்தக் கதையை விட்டாளோ ஏறும்போது அந்த வளைவில் எடுப்பாள். அன்றைக்கு அவள் தம்பி மகளின் சீரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். நாற்பத்தொன்றாவது வளைவு. பிரேக்கை மிதித்தார். மிதித்தார் என்றுதான் நினைத்தார். வண்டி நிற்கவில்லை. இன்னும் மிதித்தார், முழங்கால் நீண்டு கொடுத்தது, நீளக்கூடாத அளவுக்கு நீண்டது, அப்போது குனிந்து பார்த்தார், கால் பெடலுக்குப் பக்கத்தில், வெறும் தகரத்தில் மிதித்துக்கொண்டிருந்தது. பார்த்த நேரம் ஒரு கண்சிமிட்டல்தான். கை தானாக ஸ்டீயரிங்கை மலைப்பக்கம் ஒடித்தது. பாறையில் உரசி, சாக்கடைக் கல்லில் ஏறி, நின்றது. அன்னாசி ரோட்டில் உருண்டு ஓடியது. ஒரு காய் மட்டும் அடுத்த வளைவு வரைக்கும் போய் அங்கே நின்று அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. சடைச்சியின் மணிக்கட்டு முன்பலகையில் அடித்து ஒடிந்துவிட்டது. அவள் வலியில் கத்தவில்லை, மிளகுப் பை கொட்டிவிட்டதா என்றுதான் முதலில் பார்த்தாள். அவர் வாயிலிருந்து வந்தது. "பிரேக் புடிக்கல." யோசித்துச் சொன்னதில்லை, சாமி சத்தியமாக யோசித்துச் சொன்னதில்லை, இருமல் வருவதுபோல வந்தது. வந்த பிறகு அது அங்கேயே நின்றுவிட்டது. பின்னாலிருந்து இறங்கி வந்த பெண்கள் பள்ளத்தை எட்டிப் பார்த்தார்கள், அவரைப் பார்த்தார்கள். "அண்ணன் மலைப்பக்கம் திருப்புனதால பொழச்சோம்" என்றாள் ஒருத்தி. "வேற ஒருத்தனா இருந்தா இன்னேரம் கீழ பொறுக்கிக்கிட்டு இருப்பாங்க." அடுத்த வாரம் அவர் பேரில் மலையில் தேங்காய் உடைத்தார்கள். சடைச்சி மாவுக்கட்டுப் போட்ட கையோடு ஒரு பலாப்பழத்தைக் கொடுத்தனுப்பியிருந்தாள், நல்ல தேன்பலா, அண்ணனுக்கு மட்டும் என்று சொல்லி. தவமணி சுளை எடுத்துத் தட்டில் வைத்தாள். ஒரு சுளையை வாயில் போட்டார், அது இறங்கவே இல்லை. இனிப்பு ஆகாது கண்ணு, சர்க்கரை என்றார்.

வண்டி ஹனீபா பட்டறைக்குப் போனது. ஹனீபா நான்கு சக்கரத்தையும் கழற்றிப் போட்டான். ஷூ தடிமனாக இருந்தது, ஆயில் நிரம்பி இருந்தது, ஒரு கசிவு இல்லை. "அண்ணே, இந்தப் பிரேக்குல யானையையே நிறுத்தலாமேண்ணே" என்றான். "அன்னிக்குப் புடிக்கல" என்றார் அங்கமுத்து. "இன்னிக்குப் புடிக்குதே." "அன்னிக்குப் புடிக்கல." ஒரே சொல்லை இரண்டு தரம் சொன்னால் அது கொஞ்சம் உண்மையாகிவிடுகிறது, மூன்றாவது தரம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஹனீபா துணியில் கையைத் துடைத்துக்கொண்டே அவருடைய காலைப் பார்த்தான். சுண்டுவிரலுக்குப் பக்கத்தில் ஒரு கொப்புளம் உடைந்து ஈ மொய்த்துக்கொண்டிருந்தது. எங்கே சுட்டது, எதில் சுட்டது, அவருக்கே தெரியாது. காலை இழுத்து வேட்டிக்குள் வைத்துக்கொண்டார். தவமணி வந்து கேட்டபோது ஹனீபா நிமிராமல் நட்டை முடுக்கிக்கொண்டே சொன்னான். "ஒண்ணு வண்டிய மாத்துங்க தங்கச்சி, இல்லாட்டி டிரைவர மாத்துங்க." எல்லோரும் சிரித்தார்கள். அங்கமுத்துதான் அதிகமாகச் சிரித்தார். அன்று சாயங்காலமே தவமணி நோட்டில் கோடு போட்டாள். அதிலும் அவள் சொன்னது, முன்னால் மட்டும் சீட்டு இருக்கிற வண்டி வேண்டாம், பின்னாலும் ஒரு வரிசை சீட்டு இருக்கிறதுதான் வேண்டும், பொம்பளைகள் இனிமேல் பலாக்காய் மேல் உட்கார்ந்து வரக்கூடாது, பெல்ட் போட்டு உட்கார்ந்து வரட்டும் என்று. நல்ல மனசு. ஐந்து பேரையும் பெல்ட் போட்டுக் கட்டி அவர் கையில் கொடுக்கப்போகிறாள். கையில் இல்லை, காலில்.

சேந்தமங்கலத்து டாக்டரம்மா தை மாதமே கேட்டார்கள். பெஞ்சில் படுக்கவைத்து, கண்ணை மூடிக்கொள்ளுங்கள், நைலான் நரம்பால் பாதத்தில் தொடுவேன், தொடும்போது தெரியுது என்று சொல்லுங்கள் என்றார்கள். கண்ணை மூடிக்கொண்டார். மின்விசிறி சத்தம், வெளியே யாரோ டோக்கன் நம்பர் கூப்பிடும் சத்தம். ஒன்றும் தெரியவில்லை. கொஞ்சம் பொறுத்துத் தெரியுதுங்க என்றார். இன்னும் கொஞ்சம் பொறுத்துத் தெரியுதுங்க. அப்புறம் மூச்சை எண்ணிக்கொண்டு, ஆறாவது மூச்சில், தெரியுதுங்க. "கண்ணத் தொறங்க" என்றார்கள். திறந்து பார்த்தால் டாக்டரம்மா நாற்காலியில் உட்கார்ந்து சீட்டு எழுதிக்கொண்டிருந்தார்கள். "நான் இன்னும் எந்திரிக்கவே இல்லீங்களே." சிரிக்காமல்தான் சொன்னார்கள். "என்ன ஓட்டறீங்க?" "சைக்கிளுங்க." அந்தப் பொய்யையும் அவர் யோசித்துச் சொல்லவில்லை. கொஞ்சகாலமாகப் பொய் அவருக்கு முன்னாலேயே போய் வாசலில் உட்கார்ந்துகொள்கிறது. "சைக்கிளும் வேண்டாம். செருப்பு இல்லாம நடக்காதீங்க. தெனமும் ராத்திரி காலக் கண்ணால பாருங்க, கால நம்பாதீங்க, கண்ண நம்புங்க." சரிங்க என்று வந்தார். லாரியில் கிளீனராக ஏறிய நாளிலிருந்து செருப்புப் போட்டு வண்டி ஓட்டியதில்லை அவர். கதவைத் திறந்ததும் செருப்பைக் கழற்றிப் படிக்கு அடியில் விட்டுவிட்டு, ஸ்டீயரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஏறுவார். சாமிக்கு என்று சொல்வார்கள், பாதி சாமிக்கு, பாதி பெடலுக்கு. வெறுங்காலில்தான் பெடல் பேசும், கால் அரிசி அழுத்தம் எவ்வளவு, அரை அரிசி அழுத்தம் எவ்வளவு என்று வெறுங்காலுக்குத்தான் தெரியும். அந்தக் கால்.

பாப்பாத்தி இருந்தால் கண்டுபிடித்திருப்பாள். அடுப்படியில் நின்றுகொண்டே, மலையடிவாரத்துக் காரவள்ளி வளைவில் வரும் வண்டிச் சத்தத்தை வைத்து இன்றைக்கு லோடா காலியா என்று சொல்கிறவள். காலியாக வந்தால் டம்ளரில் மோர், லோடோடு வந்தால் சொம்பில் மோர். அவள் போய் ஐந்து வருஷம், தூக்கத்திலேயே போய்விட்டாள், யாருக்கும் ஒரு சிரமம் கொடுக்காமல். அவள் இருந்திருந்தால் ஒரே பார்வை, என்ன காலை இப்படி வெக்கறீங்க என்று. அவள் இல்லாத வீட்டில் கால் எப்படி வேண்டுமானாலும் இருக்கலாம். மாசிக்குப் பிறகு மூன்று தரம் மலை ஏறினார், இறங்கும்போது ஆட்களை ஏற்றவில்லை, பிரேக் மேல நம்பிக்கை இல்ல சாமி, பஸ்சுல போங்க என்றார். எழுபது வளைவும் முதல் கியரில், இரண்டாவது கியரில். அப்போதுதான் ஒன்று தெரிந்துகொண்டார். கால் செத்துப்போனாலும் வண்டி விடவில்லை. பெடலில் கால் பட்டால் ஒரு அதிர்வு எலும்பு வழியாக ஏறி முழங்காலுக்கு வருகிறது. பிரேக் என்றால் ஒரு மாதிரி, ஆக்சிலேட்டர் என்றால் வேறு மாதிரி. இஞ்சின் உறுமல் கூடுகிறதா குறைகிறதா என்று காது சொல்கிறது. சீட்டுக் கம்பி தொடையில் சொல்கிறது. பதினோரு வருஷமாக ஹனீபாவிடம் அவர் எதையெல்லாம் குறை என்று சொல்லித் திட்டினாரோ, குலுக்கல், கரகரப்பு, பெடலில் நடுக்கம், அதையெல்லாம் பிடித்துக்கொண்டுதான் இப்போது ஓட்டுகிறார். கண்தெரியாதவனைக் கையைப் பிடித்து வாய்க்கால் தாண்டவிடுவதுபோல அந்தக் கிழட்டு வண்டி அவரை இறக்கிவிடுகிறது. அதைத்தான் பிரேக் போன வண்டி என்று ஊரெல்லாம் சொல்லவைத்திருக்கிறார். இன்று காலை தவமணியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாமக்கல் வரைக்கும் வந்ததும் அப்படித்தான், மூன்றாவது கியரைத் தாண்டவில்லை, ஒரு முட்டை லாரிக்குப் பின்னாலேயே அது போகிற வேகத்தில் போய், அது நின்றால் நின்று. "ஏம்ப்பா, மாட்டுவண்டியாட்டப் போற" என்றாள். வேர்த்த கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். சொல்லிவிடலாமா என்று சேந்தமங்கலம் பிரிவில் ஒரு தரம் நினைத்தார், ரயில்வே பாலத்தில் ஒரு தரம் நினைத்தார். சொன்னால் என்ன, சொன்னால் சாவி ஆணியில் தொங்கும், அவர் அதற்குக் கீழே கட்டிலில் உட்கார்ந்திருப்பார். அறுபத்திரண்டு வயசில். அதுகூடப் பரவாயில்லை. சடைச்சிக்குத் தெரிய வேண்டும், தேங்காய் உடைத்தவர்களுக்குத் தெரிய வேண்டும், அதுதான். இன்னும் கொஞ்சநாள், புது வண்டி நல்ல வண்டியாக இருந்தால் எல்லாம் சரியாகிவிடும், நல்ல வண்டிக்குக் கால் எதற்கு. இப்படியும் ஒரு நினைப்பு வந்தது, வந்ததை அவரே வெட்கத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

வண்டி வந்துவிட்டது. கோழிப்பண்ணைக்காரர் இறங்கிக் கதவை ஒரு தரம் சாத்தித் திறந்து, மறுபடி சாத்தி, அந்தச் சத்தத்துக்குத் தலையாட்டிவிட்டுப் போனார். "வாங்கய்யா, வாங்க மேடம்" என்று சஞ்சீவ் வெளியே கூட்டிப்போனான். அங்கமுத்து வழக்கம்போலக் கதவுப் பக்கம் போய் இரண்டு செருப்பையும் விட்டார். ஏறப் போகும்போது சஞ்சீவ், ஒரு நிமிஷம் ஐயா, இஞ்சினப் பாத்துட்டு ஏறுங்க என்று முன்னால் அழைத்து மூடியைத் தூக்கினான். அவர் போய் நின்றார். அவன் சொல்லிக்கொண்டே போனான், எங்கே தயாரானது, எத்தனை குதிரை இழுவை, எத்தனை ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தரம் ஆயில். தவமணி நோட்டைத் தலைக்கு மேல் குடையாகப் பிடித்துக்கொண்டு கேட்டாள். சஞ்சீவ் பேசிக்கொண்டே கீழே பார்த்தான், பேச்சு நின்றது. "ஐயா, கால் சுடலீங்களா?" அங்கமுத்து குனிந்து பார்த்தார். மத்தியானச் சிமெண்டில், தோசைக்கல்லில் வைத்த மாதிரி, இரண்டு வெறும் பாதங்கள், யாருடையவோ. எவ்வளவு நேரமாக. உடனே ஒரு காலைத் தூக்கினார், ஸ் என்றார், அந்தக் காலை வைத்து மறு காலைத் தூக்கினார், துள்ளித் துள்ளி நிழலுக்குப் போனார். தவமணி சிரித்தாள். "சின்னப்பசங்களாட்டம் குதிக்காதப்பா. செருப்பப் போட்டுட்டுத்தான் ஓட்டேன் இன்னிக்கு ஒருநாளாச்சும்." அவளுக்கு ஒரு சந்தேகமும் இல்லை. நன்றாகத்தான் குதித்திருக்கிறார். மகள் நம்பிச் சிரித்துவிட்டாள். கண்டுபிடித்திருந்தால் ஆயிற்று என்று விட்டிருக்கலாம். இனிமேல் யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை. நாற்பத்தொன்றாவது வளைவு வந்தால்தான் உண்டு.

ஏறி உட்கார்ந்தார். சஞ்சீவ் பக்கத்தில், தவமணி பின்சீட்டில். அவள் இந்த ஜன்னலுக்கும் அந்த ஜன்னலுக்குமாக நகர்ந்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "நாலு பேரு தாராளமா உக்காரலாம். சடைச்சியக்கா இந்த ஜன்னலு, காத்து வேணும் அதுக்கு, இல்லாட்டி வாந்தி எடுக்கும்." அங்கமுத்து ஸ்டீயரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். சாவியைத் திருப்பினார். ஒன்றும் ஆகவில்லை. மறுபடி திருப்பக் கையைக் கொண்டுபோனார். "ஓடுதுங்கய்யா" என்றான் சஞ்சீவ், பெருமையாக, "ஓடறதே தெரியாதுங்க, அதான் இந்த வண்டி." முள் ஆயிரத்தில் நின்றது. அவர் காதைக் கூர்மையாக்கினார், ஏசியின் மூச்சுச் சத்தம் மட்டும் வந்தது. காலை முன்னால் கொண்டுபோய் வைத்தார். எதன் மேல் வைத்தார். முழங்காலில் காத்திருந்தார். ஒன்றும் ஏறி வரவில்லை. அதிர்வு இல்லை, நடுக்கம் இல்லை, கரகரப்பு இல்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தினார், முள் ஏறவில்லை, அப்படியானால் பிரேக்காக இருக்கலாம், அல்லது தரையாக இருக்கலாம். தொடையில் ஒன்றும் இல்லை, காதில் ஒன்றும் இல்லை. எவ்வளவு நல்ல வண்டி. இதைவிட நல்ல வண்டி அவர் உட்கார்ந்ததில்லை. முப்பத்தெட்டு வருஷமாக வண்டிக்காரன் ஆசைப்படுவதெல்லாம் இதில் செய்துவைத்திருக்கிறார்கள், தொந்தரவு எதுவும் உள்ளே வராமல் அடைத்துவைத்திருக்கிறார்கள், அவர் பிடித்துக்கொண்டிருந்த கையும் அந்தத் தொந்தரவோடு வெளியே நின்றுவிட்டது. கேட்டுக்கு அப்பால் ரோட்டில் பஸ் போனது, மொபெட்டில் ஒருவன் முட்டை அட்டைகளை அடுக்கிக் கட்டிக்கொண்டு போனான், எதிர்ச்சாரியில் ஒரு பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கடக்க நின்றாள். "எடுங்கய்யா, வலதுல திரும்பி ஒரு ரவுண்டு" என்றான். கியரைத் தொட்டார். கியர் கையில் தெரிந்தது, உருண்டையாக, குளிர்ச்சியாக, நன்றாகத் தெரிந்தது. கை அங்கேயே இருந்தது. பின்னால் பெல்ட் கிளிக் என்று மாட்டுகிற சத்தம். தவமணி பெல்ட் போட்டுக்கொண்டாள். அவர் கையைக் கியரிலிருந்து எடுத்துச் சாவியை அணைத்தார். அணைந்ததும் தெரியவில்லை, முள் விழுந்ததைப் பார்த்துத்தான் தெரிந்தது.

"தவமணி."

"ம்."

"பிரேக்கு நல்லாத்தான் இருந்துச்சு கண்ணு."

"இன்னும் நகட்டவே இல்ல, அதுக்குள்ள எப்படிப்பா தெரியும்?"

"இதச் சொல்லல. நம்ம வண்டிய."

"பழைய வண்டிங்களா?" என்று சஞ்சீவ் இடையில் புகுந்தான். "எக்ஸ்சேஞ்சுல பிரேக்க எல்லாம் பெருசா பாக்க மாட்டாங்கய்யா, அதப்பத்திக் கவலப்படாதீங்க." அவன் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு ஏசியின் குமிழைத் திருகினான். பின்பக்கம் பார்க்கிற கண்ணாடியில் தவமணியின் முகம் பாதி தெரிந்தது. அவள் எதையோ கூட்டிப்பார்ப்பது தெரிந்தது, சிமெண்டு, ஒற்றைச் செருப்பு, மாட்டுவண்டி வேகம், சுளை வைத்த தட்டு, ஒவ்வொன்றாக வந்து வரிசையில் நிற்பது தெரிந்தது.

"அப்பறம் சடைச்சியக்கா கை?"

"அது என் காலு." "தையில இருந்தே காலு இருக்கறது தெரியல. அன்னிக்கு பெடலுக்குப் பக்கத்துல மிதிச்சுட்டேன்."

"காலைல என்னைய உக்கார வெச்சு ஓட்டிட்டு வந்த."

"ஆமா."

"ஏம்ப்பா."

இவ்வளவு நாள் எல்லாவற்றுக்கும் அவருக்கு முன்னால் ஓடிப்போய் நிற்கும் பொய் இப்போது வரவில்லை. எங்கோ களைத்து உட்கார்ந்துவிட்டது போலிருந்தது. அவருக்கும் களைப்பாக இருந்தது, எழுபது வளைவு இறங்கிய மாதிரி, தோள்பட்டை இரண்டும் கழன்று விழுகிற மாதிரி. பின்னால் பெல்ட் விடுபட்டது. அவள் இறங்கிச் சுற்றி வந்தாள், நிதானமாகத்தான் வந்தாள், அவர் பக்கத்துக் கதவைத் திறந்தாள். வெயில் உள்ளே வந்தது. அவள் கண் சிவந்திருந்தது, திட்டப்போகிறாள் என்று காத்திருந்தார். "சடைச்சியக்காகிட்ட நீயே சொல்லோணும். நான் சொல்ல மாட்டேன்" என்றாள்.

"சொல்றேன்."

"எறங்கு."

கீழே படி இருந்தது, அதற்குக் கீழே சிமெண்டு. வேட்டியைச் சரி செய்யவில்லை, எதையும் தேடுகிறவர்போல நடிக்கவில்லை. குனிந்து, தன் காலையே பார்த்தபடி, அதைத் தூக்கிப் படியின் நடுவில் வைத்தார். அது அங்கே இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது. பிறகு மற்றதை.